பிரைமரி கணிப்பில் மூன்றில் ஒருவர் மதில் மேல் பூனை என்றால்: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பிரைமரி சீசன் வந்துவிட்டால் கருத்துக்கணிப்புகள் கொட்ட ஆரம்பிக்கும். ‘இவர் 5 புள்ளி முன்னிலை’ என்று தலைப்பில் பெரிதாக இருக்கும். ‘இன்னும் முடிவு செய்யவில்லை: 34 சதவீதம்’ என்ற வரி அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும். என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியது அந்த அடி வரியைத்தான். அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகள் இவை.

பிரைமரி என்றால் என்ன? ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

நம் ஊரில் யாருக்கு சீட் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் நடந்தாலும் கடைசிப் பட்டியல் தலைமையிடமிருந்துதான் வரும். அமெரிக்காவில் அந்த வேலையை வாக்காளர்கள் செய்கிறார்கள். நவம்பர் பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பே, கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்குத் தனியாக ஓட்டுப்பதிவு நடக்கும். அதுதான் பிரைமரி. சில மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும் போடலாம். சிலவற்றில் யார் வேண்டுமானாலும் போடலாம். அயோவா மாதிரி சில இடங்களில் காகஸ் என்று கூட்டம் கூடித் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் உண்டு.

நவம்பர் தேர்தல் கணிப்பில் முடிவு செய்யாதவர்கள் 5, 6 சதவீதம்தான். பிரைமரியில் மட்டும் ஏன் 30, 40?

நவம்பரில் பாதி வேலையைக் கட்சியே முடித்துவிடுகிறது. ‘நான் டெமாக்ரட்’ (ஜனநாயகக் கட்சி) என்பவருக்கு வேட்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும் ஓட்டு எங்கே என்று தெரியும். நம் ஊரில் சின்னத்தைப் பார்த்து பட்டனை அழுத்துகிறவரும் அதைத்தான் செய்கிறார். பிரைமரியில் நிற்கிற எட்டுப் பேருக்கும் சின்னம் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கொள்கையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. எல்லாரும் வரியைக் குறைப்பேன் என்பார்கள், அல்லது எல்லாரும் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்குவேன் என்பார்கள்.

போதாக்குறைக்கு, ஓட்டுப் போடப்போகிறவர்களே கடைசி இரண்டு வாரம் வரை இதைக் கவனிப்பதில்லை. மூன்று மாதம் முன்பு தொலைபேசியில் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பதுதான் நேர்மையான பதில்.

‘முடிவு செய்யவில்லை’ என்று சொல்கிற எல்லாரும் ஒரே ரகமா?

இல்லை, இதில்தான் பலர் இடறுகிறார்கள். வேட்பாளர்களின் பெயரே தெரியாதவர் ஒரு ரகம். மூன்று பேரையும் பிடித்துப்போய், யாருக்குப் போடுவது என்று தவிப்பவர் இன்னொரு ரகம். ஓட்டுப் போடவே வரமாட்டார், ஆனால் கேட்டவரிடம் அப்படிச் சொல்லக் கூச்சப்பட்டு ‘யோசிக்கிறேன்’ என்பவர் மூன்றாவது. தெரிந்தும் சொல்லாதவர்களும் உண்டு. கணிப்பு இந்த நாலு பேரையும் ஒரே வரியில் போட்டுக் கூட்டிவிடுகிறது.

கேட்கிற விதத்தைப் பொறுத்தும் இந்த எண் ஏறும், இறங்கும். ‘முடிவு செய்யவில்லை’ என்பதையும் ஒரு விடையாக வாசித்துக் காட்டினால் நிறையப் பேர் அதில் போய் ஒதுங்குவார்கள். வாசிக்காமல், தானாகச் சொன்னால் மட்டும் குறித்துக்கொண்டால் எண் சுருங்கும். ‘சரி, இன்றைக்கே தேர்தல் என்றால் யார் பக்கம் சாய்வீர்கள்?’ என்று இன்னொரு முறை அழுத்திக் கேட்டால் மேலும் சுருங்கும். ஒரே வாரத்தில் ஒரு நிறுவனம் 12 சதவீதமும் இன்னொன்று 33 சதவீதமும் காட்டினால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. கேள்வி வேறாக இருந்திருக்கலாம். எனவே அட்டவணைக்கு முன்னால் கேள்வித்தாளைத் தேடிப் படியுங்கள். நல்ல நிறுவனங்கள் அதை வெளியிடும். வெளியிடாத நிறுவனத்தின் கணிப்பை நான் படிப்பதே இல்லை.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் கணிப்பு மையத்துக்கு இதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. உறுதியாக முடிவு செய்துவிட்டீர்களா, ஒருவர் பக்கம் சாய்ந்திருக்கிறீர்களா, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று தனியாக ஒரு கேள்வி கேட்பார்கள். ‘யாருக்கு’ என்ற கேள்வியைவிட அந்த மாநிலத்தின் நிலவரத்தை இது நன்றாகக் காட்டும்.

ஒருவர் 24, அடுத்தவர் 19, முடிவு செய்யாதவர்கள் 34. முன்னால் இருப்பவர் ஜெயித்துவிடுவார்தானே?

கற்பனையாக ஒரு கணிப்பை எடுத்துக்கொள்வோம். 500 பேரிடம் கேட்டார்கள். அ: 24 சதவீதம், ஆ: 19, இ: 11, ஈ: 8, மற்றவர்கள் 4, முடிவு செய்யாதவர்கள் 34. சதவீதத்தை விட்டுவிட்டுத் தலையை எண்ணுங்கள். அ-வுக்கு 120 பேர், ஆ-வுக்கு 95 பேர். இடைவெளி 25 பேர். வாய் திறக்காதவர்கள் 170 பேர்.

அந்த 170 பேரில் 75 பேர் ஆ பக்கமும் 45 பேர் அ பக்கமும் போய், மீதி மற்றவர்களுக்குச் சிதறினால் ஆ 170, அ 165. முடிந்தது கதை. 75-க்கு 45 என்பது அதிசயமான பிரிவும் அல்ல. கடைசி வாரத்தில் ஒரு விவாத மேடை நன்றாகப் போனாலே நடக்கும். மூன்றாவதாக இருக்கிற இ ஜெயிப்பதற்குக்கூட வழி இருக்கிறது, கொஞ்சம் கஷ்டமான வழி: 170 பேரில் 95 பேரை இ பிடித்து, அ-வுக்கு 20, ஆ-வுக்கு 30 மட்டும் கிடைத்தால், இ 150, அ 140, ஆ 125.

இவ்வளவும் சாம்பிள், அதாவது கேட்பதற்குத் தேர்ந்தெடுத்த கூட்டம், கச்சிதமாக எடுக்கப்பட்டது என்று நம்பினால்தான். 500 பேர் கணிப்புக்கு ‘பிழை வரம்பு 4.4’ என்று போடுவார்கள். அது தனியொரு எண்ணுக்கான வரம்பு. இருவருக்கு இடையிலான வித்தியாசத்துக்கு வரம்பு இன்னும் பெரியது. இந்தக் கணக்கில் ஏறக்குறைய 5.7 புள்ளி. 5 புள்ளி முன்னிலை அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தவிர, பிழை வரம்பு என்பது யாரிடம் கேட்டோம் என்பதில் வரும் தற்செயல் தவறை மட்டும்தான் அளக்கும். அந்த 170 பேர் நாளைக்கு என்ன செய்வார்கள் என்பதற்கு அதில் இடமே கிடையாது.

சில செய்திகளில் ‘முடிவு செய்தவர்கள் மத்தியில்’ என்று தனி எண் போடுகிறார்களே?

உஷாராக இருங்கள். மேலே சொன்ன கணிப்பில் முடிவு செய்யாத 170 பேரையும் தூக்கிவிட்டு மீதி 330 பேரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அ 36.4, ஆ 28.8 என்று வரும். 5 புள்ளி முன்னிலை ஏழரைப் புள்ளியாக வீங்கிவிட்டது. புதிதாக ஒரு ஓட்டுக்கூட யாருக்கும் வரவில்லை. சாம்பிள் 330 ஆகக் குறைந்ததால் பிழை வரம்பு 5.4 ஆகக் கூடியிருக்கிறது, அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

சரி, கடைசியில் அவர்கள் எப்படித்தான் பிரிகிறார்கள்? இருக்கிற விகிதத்திலேயே பங்கு போட்டுக்கொள்ளலாமா?

வேறு தகவலே இல்லாதபோது அது பரவாயில்லாத தொடக்கம். எங்கே பலிக்கும், எங்கே காலை வாரும் என்பதற்கு 2022 ஒஹாயோ செனட் (மேலவை) பிரைமரியைப் பாருங்கள், குடியரசுக் கட்சியினுடையது.

மார்ச் தொடக்கத்தில் ஃபாக்ஸ் நியூஸ் கணிப்பில் மைக் கிப்பன்ஸ் 22, ஜாஷ் மேண்டல் 20, ஜே.டி. வான்ஸ் 11. ஏப்ரல் 15 அன்று டிரம்ப் வான்ஸுக்கு ஆதரவு அறிவித்தார். அதே நிறுவனம் ஏப்ரல் கடைசியில் மீண்டும் கேட்டபோது வான்ஸ் 23, மேண்டல் 18, கிப்பன்ஸ் 13, மேட் டோலன் 11, ஜேன் டிம்கன் 6, முடிவு செய்யாதவர்கள் 25. ஆறேழு வாரத்தில் முதலிடமே கைமாறிவிட்டது. முடிவு செய்யாத கால்வாசிப் பேர் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

மே 3 அன்று முடிவு: வான்ஸ் 32, மேண்டல் 24, டோலன் 23, கிப்பன்ஸ் 12, டிம்கன் 6.

இருக்கிற விகிதத்தில் பங்கு போட்டிருந்தால் வான்ஸுக்கு 31, மேண்டலுக்கு 24 என்று வந்திருக்கும். முதல் இரண்டு இடங்களும் கச்சிதம். ஆனால் டோலனுக்கு 15 என்றும் கிப்பன்ஸுக்கு 17 என்றும் வந்திருக்கும். அங்கே கணக்கு முழுசாகத் தலைகீழ். டோலன் கடைசி நாட்களில் 12 புள்ளி ஏறினார். கிப்பன்ஸ் ஒரு புள்ளி இறங்கினார். முக்கிய வேட்பாளர்களில் டிரம்பின் ஆதரவைத் தேடிப் போகாதவர் டோலன் ஒருவர்தான். மற்ற எல்லாரும் ஒரே கூட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது, வேறு மாதிரி ஆளைத் தேடியவர்களுக்குப் போக ஒரே கதவுதான் இருந்தது. கீழே போகிறார் என்று தெரிந்துவிட்ட கிப்பன்ஸிடம் புதிதாக யாரும் வந்து சேரவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. முடிவு செய்யாதவர்கள் மேலே போகிறவரிடம் போவார்கள், கீழே வருகிறவரிடம் போகமாட்டார்கள். ஆகவே ஒரு கணிப்பு போதாது, அதே நிறுவனத்தின் முந்தைய கணிப்பும் பக்கத்தில் வேண்டும். அடுத்தது, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைவிட எத்தனை ‘பாதைகள்’, அதாவது தனித்தனி வாக்காளர் கூட்டங்கள், இருக்கின்றன என்று எண்ணுவதுதான் பிரயோஜனம்.

முன்னிலையைப் பார்க்காதே என்கிறீர்கள். வேறு எதைப் பார்ப்பது?

முன்னால் இருப்பவரின் சொந்த எண்ணை. குறிப்பாக அவர் எல்லாருக்கும் தெரிந்த முகமாக இருந்தால்.

2008 நியூ ஹாம்ப்ஷயர் டெமாக்ரட் பிரைமரி, கருத்துக்கணிப்புக்காரர்கள் இன்றும் மறக்காத தேர்தல். அயோவாவில் ஜனவரி 3 அன்று ஜெயித்த கையோடு ஒபாமா வந்தார். கடைசிக் கணிப்புகளின் சராசரி ஏறக்குறைய ஒபாமா 38, ஹிலாரி 30. ஜனவரி 8 அன்று ஹிலாரி 39, ஒபாமா 36. கணிப்புகள் மண்ணைக் கவ்வின என்று எல்லாரும் எழுதினார்கள். எண்களைத் திரும்பப் பாருங்கள்: ஒபாமாவின் எண்ணில் கணிப்பு பெரிதாகத் தவறவில்லை. கடைசி நேரத்தில் மனம் வைத்தவர்களும் கணிப்பில் சிக்காதவர்களும் கிட்டத்தட்ட மொத்தமாக ஹிலாரியிடம் போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்கக் கருத்துக்கணிப்பு ஆய்வாளர் சங்கம் இதற்கென்றே குழு அமைத்து ஆராய்ந்தது. ஒற்றைக் காரணம் என்று எதையும் கைகாட்ட முடியவில்லை. ஓட்டுச்சீட்டில் ஹிலாரியின் பெயர் மேலேயும் ஒபாமாவின் பெயர் கீழேயும் இருந்ததுகூட விவாதத்துக்கு வந்தது.

இன்னொன்று 2025 ஜூன், நியூயார்க் மேயர் பதவிக்கான டெமாக்ரட் பிரைமரி. அங்கே வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிப்பார்; கடைசியில் இருப்பவர் சுற்றுக்குச் சுற்று நீக்கப்பட, அவருடைய ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஆண்ட்ரூ கியூமோ முன்னாள் ஆளுநர், தெரியாதவர்களே கிடையாது. எமர்சன் கல்லூரிக் கணிப்பில் பிப்ரவரியில் அவர் 33, அப்போது அதிகம் தெரியாத ஸோஹ்ரான் மம்தானி 1. ஜூனில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, முதல் சுற்றில் கியூமோ 35, மம்தானி 32. ஓட்டு எண்ணியபோது முதல் சுற்றில் மம்தானி சுமார் 44, கியூமோ 36. விருப்ப வரிசைச் சுற்றுகள் முடிந்தபோது 56-க்கு 44.

கியூமோவின் வரிசையை மட்டும் படியுங்கள்: 33, 35, 36. வெளியே இருந்தவர்களில் யாரும் அவரிடம் வரவேயில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் 35-இல் நின்றால், மீதி 65 பேர் அவரைத் தெரிந்தே ஒதுங்கி நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். தெரியாத ஒருவர் 12-இல் இருந்தால் அவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஆகவே ‘யாருக்கு ஓட்டு’ என்ற அட்டவணையோடு ‘இவரை உங்களுக்குத் தெரியுமா, நல்ல அபிப்பிராயமா’ என்ற அட்டவணையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எப்போதும் இப்படியே நடக்குமா என்றால், இல்லை. 2020 சவுத் கரோலினா டெமாக்ரட் அதிபர் பிரைமரியில் பைடனைவிடத் தெரிந்த முகம் வேறு கிடையாது. கடைசிக் கணிப்புகளின் சராசரியில் 40-ஐ ஒட்டி இருந்தார். ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு அம்மாநிலத்தின் செல்வாக்குமிக்க எம்.பி. ஜிம் கிளைபர்ன் அவருக்கு ஆதரவு தந்தார். பிப்ரவரி 29 அன்று பைடனுக்கு 48 சதவீதத்துக்கும் மேல். கறுப்பின வாக்காளர்களில் பலர் அவரை விரும்பாமல் தயங்கியவர்கள் அல்ல. இவரால் ஜெயிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தயக்கத்தின் காரணம் வேறு என்பதால் முடிவும் வேறு.

முடிவு செய்யாதவர்கள் 3, 4 சதவீதம்தான் என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பெயர் சொன்னவர்கள் எல்லாரும் அந்தப் பெயரிலேயே நிற்பார்கள் என்று யார் சொன்னது? 2012 அயோவா குடியரசுக் கட்சிக் காகஸுக்கு முந்தைய கடைசி ‘டி மாய்ன் ரெஜிஸ்டர்’ பத்திரிகைக் கணிப்பில் ராம்னி 24, ரான் பால் 22, சான்டோரம் 15. ஆனால் கேட்கப்பட்டவர்களில் 41 சதவீதம் பேர் மனம் மாற வாய்ப்புண்டு என்று சொல்லியிருந்தார்கள். கணிப்பின் கடைசி இரண்டு நாளை மட்டும் தனியாகப் பார்த்தால் சான்டோரம் 21. பத்திரிகை அதையும் சேர்த்தே வெளியிட்டது. ஜனவரி 3 இரவு ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். பிறகு சரிபார்த்தபோது சான்டோரம் 34 ஓட்டு முன்னால். அட்டவணையை மட்டும் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. கீழே இருந்த இரண்டு வரிகளைப் படித்தவர்களுக்கு இல்லை.

அப்படியானால் கணிப்பு தவறுகிற எல்லா இடத்திலும் குற்றவாளி இவர்கள்தானா?

இல்லவே இல்லை. 2016 மிச்சிகன் டெமாக்ரட் பிரைமரியில் ஹிலாரி சராசரியாக 20 புள்ளிக்கும் மேல் முன்னால் இருந்தார். எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸ் சுமார் ஒன்றரைப் புள்ளியில் ஜெயித்தார். முடிவு செய்யாதவர்கள் அத்தனை பேரும் சாண்டர்ஸ் பக்கம் போயிருந்தாலும் அந்த இடைவெளி அடைபடாது. யார் ஓட்டுப் போட வருவார்கள் என்ற கணிப்பே பிசகிவிட்டது. இளைஞர்களையும் கட்சி சாராதவர்களையும் குறைத்து எடைபோட்டார்கள். நியூயார்க்கிலும் இதே கோளாறுக்குப் பங்கு உண்டு.

தேசிய அளவில் எடுக்கும் பிரைமரி கணிப்புகள்?

தேசிய அளவில் பிரைமரி என்று ஒன்று நடப்பதே இல்லை. மாநிலம் மாநிலமாக நடக்கிறது, ஒன்றின் முடிவு அடுத்ததை மாற்றுகிறது. 2007 முழுக்கக் குடியரசுக் கட்சியின் தேசியக் கணிப்புகளில் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி முன்னணியில் இருந்தார். ஒரு மாநிலத்தில்கூட ஜெயிக்காமல் 2008 ஜனவரி 30 அன்று விலகினார். சென்னையில் வேர் உள்ள கமலா ஹாரிஸ் பெயர் நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்: 2019 ஜூன் விவாதத்துக்குப் பிறகு ஒரு குவினிபியாக் பல்கலைக்கழகக் கணிப்பில் பைடன் 22, ஹாரிஸ் 20. அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று, ஓர் ஓட்டுக்கூட விழுவதற்கு முன்பே அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார்.

வேட்பாளர் தரப்பே வெளியிடுகிற கணிப்பை எடுத்துக்கொள்ளலாமா?

2014-இல் எரிக் கேன்டர் தரப்பின் கணிப்பு அவர் 34 புள்ளி முன்னிலையில் இருப்பதாகச் சொன்னது. அவர் அப்போது பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். ஜூன் 10 பிரைமரியில் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் 11 புள்ளியில் தோற்றார். தங்களுக்குச் சாதகமில்லாத கணிப்பை யாரும் வெளியிடமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சுற்று இருக்கும் மாநிலங்களில் படிக்கும் முறை மாறுமா?

மாறும். டெக்சாஸில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுபடி தேர்தல். அங்கே கேட்க வேண்டியது, யார் முதல் என்பதல்ல. முதலிடத்தில் இருப்பவர் 50-ஐத் தாண்டுவாரா, இரண்டாவது யார் என்பது. 2012 செனட் பிரைமரியில் துணை ஆளுநர் டேவிட் டியூஹர்ஸ்ட் 45, டெட் குரூஸ் 34. இரண்டு மாதம் கழித்து நடந்த இரண்டாம் சுற்றில் குரூஸ் 57, டியூஹர்ஸ்ட் 43. மறுபடியும் அதே கதை: தெரிந்த முகத்தின் எண் நகரவில்லை, மற்றதெல்லாம் எதிரே போய்ச் சேர்ந்தது.

டெமாக்ரட் கட்சியின் அதிபர் பிரைமரியில் வேறொரு கோடு இருக்கிறது. 15 சதவீதம் எடுத்தால்தான் மாநாட்டுப் பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள்) கிடைப்பார்கள். 13-இல் நிற்கும் ஒருவருக்கு முடிவு செய்யாதவர்களில் இன்னும் இரண்டு புள்ளி வருமா என்பது, முதலிடம் யாருக்கு என்பதைவிடப் பெரிய கேள்வியாகிவிடும்.

இவ்வளவு சிக்கல் என்றால் பிரைமரி கணிப்புகளையே ஒதுக்கிவிடலாமே?

வேண்டாம். பொதுத்தேர்தல் கணிப்பைவிட இவற்றின் சராசரித் தவறு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது உண்மை. ஆனாலும் திசையைக் காட்டுவதில் நல்ல கணிப்புக்கு ஈடு இல்லை. 2004 அயோவா டெமாக்ரட் காகஸில் ஹாவர்ட் டீன்தான் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, காகஸுக்கு இரண்டு நாள் முன்பு அதே ‘டி மாய்ன் ரெஜிஸ்டர்’ கெர்ரி 26, எட்வர்ட்ஸ் 23, டீன் 20, கெப்ஹார்ட் 18 என்று போட்டது. முடிவு 38, 32, 18, 11. சதவீதங்கள் தூரம், வரிசை அச்சு அசல். ஏறிக்கொண்டிருந்த இருவரும் மேலே பறந்தார்கள், மற்ற இருவரும் கையில் இருந்ததையும் இழந்தார்கள்.

முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

‘ஏற்கெனவே போட்டுவிட்டேன்’ என்பவரைத் தனியாகக் குறிப்பார்கள், குறிக்க வேண்டும். அவர் இனி மனம் மாற முடியாது. ஆகவே முடிவு செய்யாதவர்கள் 20 சதவீதம் என்றால், அது இன்னும் ஓட்டுப் போடாதவர்கள் மத்தியில் இன்னும் பெரிய பங்கு. தபால் ஓட்டு அதிகமுள்ள மாநிலங்களில் கடைசி நேர அலை ஒரு பகுதி வாக்காளர்களைத்தான் தொடும். 2020 டெமாக்ரட் அதிபர் போட்டியிலிருந்து மார்ச் 1 அன்று பூட்டிஜெஜ் விலகினார், மறுநாள் குளோபஷார் விலகினார், மார்ச் 3 அன்று சூப்பர் டியூஸ்டே, அதாவது பல மாநிலங்களில் ஒரே நாளில் பிரைமரி நடக்கும் செவ்வாய்க்கிழமை. கடைசி நேர அலையில், தான் பிரச்சாரமே செய்யாத மின்னசோட்டாவிலும் மாசசூசெட்ஸிலும் பைடன் ஜெயித்தார். தபால் ஓட்டு வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்த கலிஃபோர்னியாவை சாண்டர்ஸ் பிடித்தார். விலகிய இருவருக்கும் அங்கே முன்பே விழுந்திருந்த ஓட்டுகள் அவர்கள் பெயரிலேயே எண்ணப்பட்டன.